மயிலைக்கு மூன்று தொழில்

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். ஹாலுக்குப் போக வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் இன்றைக்குத்தான் முதல் தடவை வந்திருக்கிறார், அந்தத் தடிப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இனி நாலு மணி நேரத்துக்கு நீங்கள் யார் என்றே அவருக்குத் தெரியாது. எனக்குக் கல்யாணமான புதிதிலும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு மூன்று பேர் வருவார்கள், கதவைச் சாத்துவார்கள், உள்ளேயிருந்து வெட்டு, குத்து, செத்தான் என்று சத்தம் வரும். ஊரிலிருந்து வந்திருந்த எங்கம்மா பயந்துபோய், "ஏஞ்சாமி, மாப்பிள்ளை மேல ஏதாச்சும் அடிதடி கேசு இருக்குதா?" என்று என்னைக் கேட்டார்.

விளையாட்டுத்தான். வெறும் விளையாட்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் பெரிதாகப் பற்றெல்லாம் கிடையாது. வீட்டு வேலை இருக்கிறது, கனிஷ்காவை எல்.கே.ஜி.க்குக் கிளப்புகிற வேலை இருக்கிறது, இதற்கு நடுவே ஏதோ சும்மா உட்காருகிறேன். அந்த நோட்டுகளா? அவை மயிலையுடையவை. நாலுதான் ஆகியிருக்கிறது. சீரக டப்பாவுக்குப் பின்னால் இருப்பதும் அவளுடையதுதான், அதைச் சேர்த்தால் ஐந்து. தாளிக்கும்போது ஏதாவது தோன்றினால் குறித்து வைக்க வேண்டாமா?

மயிலை என்பது நான்தான். அதாவது விளையாட்டில். முதல் நாள் "உங்க ஆளுக்கு என்ன பேரு?" என்று திடீரென்று கேட்டார்கள். வாயில் வந்தது எங்கள் வீட்டு மாட்டின் பெயர்தான். இவர்களோடு ஆடுகிற பாசில் தம்பி, "என்ன அழகான பேரு அண்ணி!" என்றான். நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதையை நடத்துவார். இங்கே அது ரெஜினால்ட் அண்ணன், பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்துகிறவர். "ஒரு குகை இருக்கு, உள்ளேயிருந்து புகை வருது, என்ன செய்யறீங்க?" என்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம், வேஷத்துக்கு ஒரு தொழில். அதைத்தான் இவர்கள் கிளாஸ், கிளாஸ் என்று அடித்துக்கொள்வது. சண்டைக்காரன், மந்திரக்காரன், சாமி அருளால் வைத்தியம் பார்க்கிறவர், திருடன், பாட்டுக்காரன் என்று இருக்கும். நாம் செய்கிற காரியம் பலிக்குமா என்று பார்க்க இருபது முகம் இருக்கிற தாயக்கட்டையை உருட்ட வேண்டும். கொஞ்சம் சாமர்த்தியமாகத் தாக்குப்பிடித்தால் ஒரு படி ஏறலாம். அந்தப் படியைப் பழைய தொழிலிலேயே ஏறலாம், இல்லையென்றால் புதிதாக ஒரு தொழிலில் முதல் படி வைக்கலாம். அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது படித்த எனக்கு ஒரே மத்தியானத்தில் புரிந்துவிட்டது. அதற்கு இவர்கள் முந்நூறு பக்கத்தில் புத்தகம் வைத்துக்கொண்டு பண்ணுகிற அலட்டல் இருக்கிறதே!

பணியாரம் எடுத்துக்கொள்ளுங்கள், சூடாக இருக்கும்போதே.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இவர்களோடு ஆடிக்கொண்டிருந்த ஒருத்தர் வேலை மாறி பெங்களூர் போய்விட்டார். அவர்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். எங்கள் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார்.

"மேகலா, நீ சும்மா வந்து உக்காரு. வைத்தியம் எடுத்துக்க. ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. பின்னாடி நின்னுக்கிட்டு இரு, எங்களுக்கு அடிபட்டா மருந்து போடு."

"அடிபடாத நேரத்துல என்னங்க பண்றது?"

பாசில் தம்பி உள்ளேயிருந்து, "அந்தக் கவலையே வேண்டாம் அண்ணி. இவரு முன்னாடி போற வரைக்கும் அடிபடாத நேரம்னு ஒண்ணு வரவே வராது" என்றான்.

எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தீர்கள் அல்லவா, கீழே குழந்தையோடு நின்றாரே, அவர்தான். நல்லசிவம். மோட்டார் பம்பு கம்பெனியில் டெஸ்டிங். பம்பு தண்ணீர் எடுக்கிறதா இல்லையா என்று பார்ப்பார், வேறு எதையும் பார்க்க மாட்டார். விளையாட்டிலும் அப்படித்தான். அவர் ஆள் பெயர் செங்கோடன். சண்டைக்காரன். ஒன்பது வருஷமாக ஒரே ஆள், ஒரே தொழில், பதினோரு படி. எனக்கு முன்னாலிருந்தே செங்கோடன் இந்த வீட்டில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். "ஒரு ஆளுக்கு ஒரு தொழில். அதுல உச்சிக்குப் போகணும். கலந்தா ரெண்டும் உருப்படாது" என்பார். ஒரே ஆளுக்கு இரண்டு தொழில் வைப்பதை மல்டிகிளாஸ் என்பார்கள், அந்த வார்த்தையைச் சொன்னாலே, சாம்பாரில் பாயசத்தை ஊற்றியது போல முகம் போகும்.

நான் முதல் நாள் உட்கார்ந்தேன். வழிப்பறிக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். செங்கோடன் பாய்ந்து நாலு பேரை வெட்டினான், பாசிலின் மந்திரக்காரன் மிச்சம் இரண்டு பேரைச் சுட்டான். பிறகு ரெஜி அண்ணன், "மயிலை என்ன செய்யறா?" என்றார். கீழே கிடந்து முனகுகிறார்கள் என்று அவர்தான் சொன்னார். நான் போய் மருந்து போட்டேன்.

"யாருக்கு?" என்றார் இவர்.

"அடிபட்டவங்களுக்கு."

"அது எதிரிடி!"

"முனகறாங்கன்னு சொன்னாருங்களே."

மருந்து போட்டுக்கொண்டே, எந்த ஊரு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஏன் இப்படிப் பண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். பாவம், ரெஜி அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. அவர் அந்தத் திருடர்களுக்கு ஊரே யோசித்து வைத்திருக்கவில்லை. அன்றைக்கு உட்கார்ந்து ஒரு ஊர் உண்டாக்கினார், தண்ணீர் வராத ஒரு வாய்க்கால் உண்டாக்கினார். அடுத்த மூன்று மாதம் அந்த வாய்க்காலைச் சரிபண்ணுகிற கதைதான் ஓடியது. எல்லோரும் ரொம்ப சந்தோஷமாக ஆடினார்கள். இவருக்குத்தான் கொஞ்சம் வெட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

பிறகு நான் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். சும்மாதான். இரண்டு தடவை. ஒவ்வொரு தொழிலாக ஒப்பிட்டுப் பார்த்தேன். சண்டைக்காரன் இருக்கிறானே, அவன் போர்வெல் போடுகிற லாரி மாதிரி. வந்தால் தெருவே அதிரும், வேலை நடக்கிறவரை பெரிய மரியாதை, முடிந்தபிறகு எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியாது. மந்திரக்காரன் எங்கள் ஊருக்கு வருகிற விவசாய ஆபீசர் மாதிரி. எல்லாம் தெரியும், ஆனால் இரண்டு வார்த்தை சொன்னதும் இன்றைக்குக் கோட்டா முடிந்தது, தூங்கி எழுந்துதான் மீதி என்பான். பாட்டுக்காரன் மகளிர் குழுத் தலைவி. எதுவும் முழுதாகத் தெரியாது, ஆனால் எந்த ஆபீசிலும் காரியத்தை முடித்துக்கொண்டு வந்துவிடுவாள். திருடன்தான் எனக்குப் பிடித்தது. திருடன் என்று பெயர்தான் கேவலமாக வைத்திருக்கிறார்களே தவிர, அவன் செய்வதெல்லாம் என்ன? சத்தம் போடாமல் நடப்பது, கதவைத் திறப்பதற்கு முன் காது வைத்துக் கேட்பது, எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கைக்குழந்தை தூங்குகிற வீட்டில் சாவியைத் தேடுகிறவள் வேறு என்ன செய்கிறாள்?

அப்படித்தான் மயிலை வைத்தியத்தில் நாலு படி ஏறியதும் திருட்டில் இரண்டு படி வைத்தாள். இவர் தலையில் அடித்துக்கொண்டார். "மருந்துப் பையோட வந்து பூட்டை உடைப்பாளா? எந்தச் சாமி ஒத்துக்கும்?" என்றார். ஒத்துக்கொண்டது. கோட்டைக் களஞ்சியத்துப் பூட்டை நான்தான் திறந்தேன். இருபதுக்கு இருபது விழுந்தது! உள்ளே மூட்டை மூட்டையாகத் தானியம். பஞ்சத்தில் கிடந்த ஒரு ஊருக்கே சோறு. அன்றைக்கு இவர் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். மறுநாள் கம்பெனியில் எல்லோரிடமும், "என் பொண்டாட்டி பூட்டைத் திறந்துட்டா" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் என்ன நினைத்தார்களோ!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரெஜி அண்ணன் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ஏழாவது படி வந்தது. எல்லோரும் ஒரே குரலில், "வைத்தியத்துல அஞ்சு போடு" என்றார்கள். வைத்தியத்தின் ஐந்தாவது படியில் ஒரு மந்திரம் கிடைக்கும். ஆள் விழுந்து ஒரு நிமிஷத்துக்குள் தொட்டால் உயிர் திரும்பும். நல்ல மந்திரம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாட்டுக்காரியாகப் போனால் தெரியாத வேலைக்கும் பாதி மார்க் உண்டு என்று போட்டிருந்தது. பாதி மார்க்! எல்லா வேலைக்கும்! நீங்களே சொல்லுங்கள், யாராவது ஒருத்தர் என்றைக்காவது சாகலாம் என்பதற்காக ஒரு படியை வீணாக்குவதா, இல்லை தினமும் உதவுகிறதை எடுப்பதா? நான் பாட்டில் ஒரு படி போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பாலம். பாலத்தில் ஒரு ராட்சதன். செங்கோடன் வழக்கம்போல முன்னால் போனான். எங்களைத் தப்பவைக்கத்தான் போனான், அதை நான் மறுக்கவில்லை. நானும் பாசிலும் அந்தக் கரைக்குப் போய்ச் சேருகிறவரை ஒற்றை ஆளாகத் தாங்கினான். பிறகு விழுந்தான். உயிர் தங்குமா என்று இவர் தாயக்கட்டையை உருட்டிப் பார்த்தார், ஒன்று. திரும்ப உருட்டினார், மூன்று. ரெஜி அண்ணன் மெதுவாக, "மயிலை, ஒரு நிமிஷம் இருக்கு. என்ன செய்யறே?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் அந்த மந்திரம் இல்லை. கையில் இருந்ததைத்தானே செய்ய முடியும்?

பாடினேன்.

செங்கோடன் செத்துப்போனான்.

இவர் செங்கோடனின் படி, பலம் எல்லாம் எழுதிய தாளை எடுத்தார். ஒன்பது வருஷத்து ரப்பர் தேய்த்துத் தேய்த்து நடுவில் ஓட்டையே விழுந்த தாள். அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கிற பெட்டியில் வைத்தார். "தப்பு உன்னோடது இல்ல மேகலா" என்றார். பார்த்தீர்களா? அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், தப்பு என்னுடையது இல்லை என்று. அப்புறம் எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்? மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கனிஷ்கா, "அப்பாவோட ஃபிரண்டு யாராச்சும் செத்துப் போயிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். நான் சிரிக்க வைக்கலாம் என்று, "என்னங்க, பால் தெளிக்கப் போகணுமா?" என்றேன். சிரிக்கவில்லை. வெறும் காகிதத்துக்கு இவ்வளவு அழிச்சாட்டியம் பண்ணுகிற ஆம்பளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அதிலிருந்து மூன்று ஞாயிற்றுக்கிழமையாக இவர் உட்காரவில்லை. சரியாக இவர்கள் வருகிற நேரத்துக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போய்விடுவார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். புது ஆள் எழுதிக்கொண்டு வாங்க என்றால், ரெஜி அண்ணன் சட்டப்படி புது ஆள் முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். "ஒன்பது வருஷம் மறுபடியுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். முன்னால் போகவும் ஒரு ஆள் வேண்டும், வழி சொல்லவும் ஒரு ஆள் வேண்டும். வேறு யாருமில்லாததால் அதையும் நான்தான் பார்க்கிறேன். பாசில்கூடச் சொன்னான், "அண்ணி, நீங்க வழி சொல்ல ஆரம்பிச்சதிலிருந்து நான் ஒரு தடவைகூடச் சாகக் கிடக்கல." சும்மா சொல்லுவான். சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை, இவருக்காக வருத்தமாகவும் இருந்தது.

ரெஜி அண்ணன் மனசு கேட்காமல் ஒரு வழி உண்டாக்கினார். மலை உச்சியில் ஒரு கோயில், அங்கே ஒரு பூசாரிப் பெண். அவள் சொன்னாள், செத்து நாலு வாரத்துக்குள் செங்கோடனை எழுப்பலாம். ஆனால் எழுப்புகிறவள் முழு வைத்தியக்காரியாக இருக்க வேண்டும். மயிலை திருட்டையும் பாட்டையும் அந்தக் கோயில் தீயில் போட்டுவிட வேண்டும். ஏழு படியும் வைத்தியமாகிவிடும். செங்கோடன் எழுந்துவிடுவான். போட்டது திரும்பக் கிடைக்காது, மயிலை இனிமேல் வேறு தொழில் எடுக்கவும் முடியாது.

நாலாவது வாரம் இன்றைக்குத்தான். இன்றைக்கு நான் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இவரையும் வரச்சொல்லியிருக்கிறோம்.

இவர் பார்க்கிலிருந்து வந்ததும் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். "உன் இஷ்டம்" என்றார். இது ஒரு பதிலா? எழுப்பு என்றாவது சொல்ல வேண்டும், வேண்டாம் என்றாவது சொல்ல வேண்டும். உன் இஷ்டம் என்றால் பழி யார் தலையில்?

எனக்கு ஒன்றுமில்லை. நான் சொன்னேனே, பற்று கிடையாது. விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறேன், என்ன இப்போது? காகிதம்தானே? ஆனால் வாரம் பூராவும் பாத்திரம் தேய்க்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீயில் போட்டுவிட்டால் மயிலையிடம் மிஞ்சுவது என்ன? செங்கோடன் முன்னால் போவான், வெட்டுவான், வெட்டுப்படுவான். மயிலை பின்னால் நின்று மருந்து போடுவாள். அடுத்த வாரமும் மருந்து போடுவாள். நல்ல தொழில்தான், புண்ணியம்தான். பூட்டு வந்தால் யாராவது திறக்கட்டும் என்று நிற்க வேண்டும். நான் அப்படி நின்று பழக்கம் விட்டுப்போய்விட்டது. வேறொன்றுமில்லை.

இருந்தாலும் நேற்று ராத்திரி சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் முடிவு பண்ணினேன். சத்தியமாக. எங்கம்மா மேல் ஆணையாக. இந்த மனுஷன் இன்னொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்க் பெஞ்சில் உட்காரக் கூடாது.

ஆனால் இன்று காலையில் மெஷினில் துணி போடுவதற்கு முன் இவர் சட்டைப் பையைப் பார்த்தேன். எப்போதும் பேனாவோடு போட்டுவிடுவார். உள்ளே மடித்த ஒரு தாள். இவர் கையெழுத்து. புது ஆள்! பெயர்கூட இன்னும் வைக்கவில்லை, கோடு போட்டு விட்டிருக்கிறார். முதல் படி. தொழில் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? வைத்தியம். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். வைத்தியம் என்றுதான் இருக்கிறது.

ஒன்பது வருஷம் வாளை மட்டும் பிடித்த மனுஷன்! மருந்துப் பை, கட்டுத் துணி நாலு, மூலிகை என்று வரிசையாக எழுதியிருக்கிறார். சண்டையின்போது எங்கே நிற்பான் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில், 'மயிலைக்குப் பின்னால், பத்தடி தூரத்தில்' என்று இருந்தது.

மெஷின் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

பிறகுதான் கோபம் வந்தது. பார்த்தீர்களா இவர் வேலையை? நான் மாட்டேன் என்றுதான் சொல்லுவேன் என்று இவராகவே முடிவு கட்டிவிட்டார்! நான் என்ன அவ்வளவு கல்நெஞ்சுக்காரியா? ஒரு வார்த்தை கேட்டாரா? நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும்போது, இவர் முந்திக்கொண்டு விட்டுக்கொடுத்தால் என்ன அர்த்தம்? அதுவும் தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறார். ஆளின் பலத்துக்கும் அறிவுக்கும் மார்க் பிரித்துப் போட வேண்டும், பெரிய மார்க்கையெல்லாம் உடல் பலத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார், பழக்க தோஷம். வைத்தியத்துக்கு அறிவுதானே முக்கியம்? பென்சில் எடுத்து மாற்றி எழுதினேன். பத்தடி தூரத்தில் நின்று என்ன பண்ணுவார்? முதல் படி வைத்தியம் தொட்டால்தான் வேலை செய்யும். பத்தை அடித்து, 'கை எட்டும் தூரத்தில்' என்று போட்டேன். மடித்து, இன்றைக்கு அவர் போட்டிருக்கிற நீலச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பார்த்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

அதனால் இப்போது நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். ஒரு மனுஷன் இவ்வளவு மெனக்கெட்டு எழுதி வைத்திருக்கிறார். நான் போய் செங்கோடனை எழுப்புகிறேன் என்றால் அந்தத் தாள் வீண்தானே? எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. செங்கோடன் ஒன்பது வருஷம் வாழ்ந்துவிட்டான், நல்ல சாவு, எல்லோரையும் காப்பாற்றிவிட்டுப் போனான். அவனுக்குக் கோயிலிலேயே ஒரு நடுகல் நட்டுவிடலாம், ரெஜி அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். இவருக்காகத்தான் இதையெல்லாம் பார்க்கிறேன். எனக்காக என்றால் எப்போதோ தீயில் போட்டிருப்பேன்.

அதோ, செருப்புச் சத்தம் கேட்கிறது. ரெஜி அண்ணன் வந்துவிட்டார், கூடவே இவரும். "மேகலா, முடிவு சொல்லு வா!" என்று கூப்பிடுகிறார்கள். வருகிறேன் என்று சொல்லுங்களேன், என் கையெல்லாம் மாவு. எங்கள் வீட்டுக்காரரைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பையில் கை வைத்திருக்கிறாரா? தாளை எடுத்துவிட்டாரா? பார்க்கிறாரா? சிரிக்கிறாரா? உண்மையாகவா?

சரி, சரி. அந்தத் தட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நான் காபியை எடுத்துக்கொள்கிறேன். எங்கே, நீங்கள் இங்கேயே உட்காருகிறீர்களா? நல்ல கதை! எனக்குப் பக்கத்தில் நாற்காலி காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் வாளைப் பிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன், முகத்திலேயே தெரிகிறது. நீங்கள் மந்திரம் எடுங்கள், திருட்டு எடுங்கள், இரண்டையும் கலந்துகூட எடுங்கள், எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன். வைத்தியம் மட்டும் வேண்டாம். அதற்கு ஆள் வந்தாயிற்று.